கொல்லையில் நட்ட சிவப்புக் கொடிகள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். காலேஜில் ஆராய்ச்சி என்று சொன்னால், "அப்ப இன்னும் படிச்சு முடிக்கலையா?" என்பார்கள். கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கக் கருவி செய்கிறோம் என்று சொன்னால், நம்ம பக்கம் ஏது கண்ணிவெடி என்று சிரிப்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். அரியலூர்ப் பக்கம் வெடி என்றால் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வைக்கும் வெடிதான். சங்கு ஊதும், தரை லேசாக அதிரும், அடுப்படியில் பாத்திரம் கிணுகிணுக்கும், அவ்வளவுதான். அதனால் ஒரு கட்டத்தில், "மண்ணைத் தோண்டாமலே உள்ள என்ன இருக்குன்னு பாக்குற மிஷின்," என்று சுருக்கமாகச் சொல்லத் தொடங்கினேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் என் குரலில் கொஞ்சம் பெருமை ஏறிவிடும். இப்போது அந்தக் குரலை நினைத்தால் எனக்குக் காதை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. பெரம்பலூர்ப் பக்கம் ஓர் இன்ஜினியரிங் காலேஜில் நான் ஆராய்ச்சி மாணவன். மிஷின் என்று நான் பீற்றிக்கொண்டது உண்மையில் ஒரு தள்ளுவண்டி. சைக்கிள் சக்கரம் இரண்டு, நடுவே தரையை ஒட்டித் தொங்கும் ஒரு தகரப் பெட்டி, மேலே ஒரு லேப்டாப், பின்னால் ஒரு கார் பேட்டரி. ஆகாயத்தில் விமானத்தைத் தேடும் ரேடாரைக் குப்புறக் கவிழ்த்து மண்ணைப் பார்க்க வைத்தால் எப்படி இருக்குமோ, அதுதான். பெட்டியிலிருந்து அலை மண்ணுக்குள் போகும். எதிலாவது பட்டால் திரும்பி வரும். வந்ததை லேப்டாப் கறுப்பு வெள்ளைப் படமாக்கிக் காட்டும். இரும்பில் செய்த கண்ணிவெடி என்றால் சாதாரணக் கருவியே கூவிக் காட்டிக்கொடுத்துவிடும். பிளாஸ்டிக்கில் செய்தவற்றிடம் அது ஊமையாகிவிடும். அதற்குத்தான் இவ்வளவு பாடு.

உண்மையான வெடியை எங்களை நம்பி யாரும் தரமாட்டார்கள். சோப்பு டப்பாவில் மெழுகைக் காய்ச்சி ஊற்றி மூடினால் அதுதான் எங்கள் கண்ணிவெடி. காலேஜுக்குப் பின்னால் ஆற்றுமணல் நிரப்பிய ஒரு தொட்டி இருந்தது. அதில் மிஷின் சொன்ன பேச்சைக் கேட்கும். டப்பா இருக்கும் இடத்தில் திரையில் கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி அழகாக ஒரு வளைவு விழும். எங்கள் பேராசிரியருக்கு அது போதவில்லை.

"மணல் தொட்டியில எவன்யா வெடி பொதைக்கப் போறான்? உழுது போட்ட கொல்லையா ஒண்ணு பாரு," என்றார்.

நான் முந்திரிக்கொட்டை மாதிரி, "எங்க கொல்லையே இருக்குங்க சார்," என்றேன்.

விக்கிரமங்கலத்துக்கு மேற்கே எங்களுக்கு இருந்தது அந்த ஒரு மானாவாரிக் கொல்லைதான். மேலே கரிசல், அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல், அதற்கும் அடியில் சுண்ணாம்புக்கல். பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்துகொண்டிருந்த இடத்தைவிட, அதற்கு அடியில் கிடந்த கல்லுக்குத்தான் அப்போது மதிப்பு. சுற்றியிருந்த கொல்லைகள் ஒவ்வொன்றாகச் சுரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. எங்களுடையதும் பேசி முடித்தாகிவிட்டது. கோடை முடிவதற்குள் பத்திரம் பதிந்து கொடுக்க வேண்டும். அதன் பிறகு அங்கே கொல்லை இருக்காது, பள்ளம்தான் இருக்கும்.

காலேஜ் ஜீப்பில் மிஷின் வந்து இறங்கியதும் பாதி ஊர் கூடிவிட்டது. புதையல் என்றார்கள் சிலர். மண்ணுக்குள் பழைய சாமி சிலை ஏதோ கிடக்கிறது என்றார்கள் சிலர். ஒருவர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அப்படியே நம்ம கொல்லையில தண்ணி எத்தன அடியிலன்னு பாத்துச் சொல்லிட்டுப் போங்க," என்றார். முதல் நாள் பேராசிரியர் கூடவே இருந்தார். மேற்கு வரப்போரமாக நான்தான் குழி தோண்டி டப்பாக்களைப் புதைத்தேன். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். அம்மா அன்றைக்குக் கொல்லைப் பக்கம் வரவில்லை. சாயங்காலம் எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, ஒன்றை மட்டும் விட்டுவைத்தோம். தினமும் வேலை தொடங்கும் முன் தெரிந்த ஒரு டப்பாவின் மேல் மிஷினை ஓட்டிப் பார்த்து, ஒழுங்காக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது எங்கள் வழக்கம். அந்த இடத்தில் ஒரு சிவப்புத் துணிக் கொடி நட்டோம். பேராசிரியர், "ரெண்டு நாள்ல கொல்லை முழுக்க ஓட்டிட்டு வந்துடுப்பா," என்று சொல்லி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மா, வாசலில் நின்ற மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தொடவில்லை.

"தம்பி, இதுல மண்ணுக்குள்ள பொதச்சதெல்லாம் தெரியுமாமே?"

"தெரியும்மா."

"எத்தன வருசம் ஆனாலும் தெரியுமா?"

"எத்தன வருசம் ஆனா என்ன? ஒரு தடவ தோண்டுன மண்ணு பழையபடி சேராது. நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது, இதுக்குத் தெரிஞ்சுடும்," என்றேன். நான் சொன்னதில் பாதி பேராசிரியரின் பேச்சு, மீதி என் பவுசு.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். "அப்பன்னா உங்கக்காவ எங்க வச்சிருக்குன்னு பாத்துச் சொல்லிடுறியா?" என்றாள்.

எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து இறந்தது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. அன்றுதான் அம்மா பேசினாள். ஐந்து மாதக் குழந்தை. அது முதல் தடவை குப்புற விழுந்ததற்கு வாசற்படியில் தேங்காய் உடைத்து, தெருவுக்கெல்லாம் கொழுக்கட்டை கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த வாரம் காய்ச்சல். அரியலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளை எங்கள் பக்கம் எரிப்பதில்லை, புதைப்பார்கள். அதிலும் அது தலைச்சன். தலைச்சன் பிள்ளை இறந்தால் மண்டை ஓட்டிலிருந்து வசிய மை எடுக்க மந்திரக்காரர்கள் தோண்டி எடுத்துப் போய்விடுவார்கள் என்று அப்போது அவ்வளவு பயம். ஊர் இடுகாட்டில் புதைத்தவர்கள் நாள் கணக்கில் காவல் கிடப்பார்களாம். அப்பா யாரையும் நம்பவில்லை. விடிவதற்கு முன் தான் ஒருவராகவே தூக்கிக்கொண்டு போய் எங்கள் கொல்லையில் புதைத்துவிட்டு வந்தார். பெண்கள் கூடப் போகும் வழக்கம் இல்லை. எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "நம்ம கொல்லையிலதான் இருக்கு. எனக்குத் தெரியும்ல, அது போதும்," என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சொன்னதுதான். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அம்மா அந்தக் கொல்லைக்குள் செருப்புப் போட்டு நடந்து நான் பார்த்ததே இல்லை. வரப்பில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் இறங்குவாள். சுக்கான்கல் குத்தும், காய்ந்த பருத்திமார்க் குச்சி கிழிக்கும், அப்படியும் போடமாட்டாள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அங்கே எச்சில் துப்பியதற்கு முதுகில் அறைந்திருக்கிறாள். பூமாதேவி பக்தி என்று நினைத்துக் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். எங்கே என்று தெரியாததால் கொல்லை முழுவதையுமே அவள் பார்த்துப் பார்த்து மிதித்திருக்கிறாள்.

"கொல்ல கைய விட்டுப் போறதுக்குள்ள அந்த எடத்துல கொஞ்சம் பால ஊத்திட்டு ஒரு புடி மண்ணு எடுத்துக்கறேன். வேற ஒண்ணும் வேணாம்," என்றாள்.

நான் நேராக அப்பாவிடம் போனேன். அவர் கொல்லையில் பருத்திமாரைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். காலேஜில் பையன்களுக்கு வகுப்பெடுக்கும் தோரணையில் பேசினேன். மந்திரக்காரன், மை, மண்டை ஓடு எல்லாம் மலையேறிப் போய்விட்டது, இன்னும் எதற்கு ஒளிக்கிறீர்கள், பெற்றவளுக்குச் சொல்லக் கூடாதா என்றெல்லாம் கேட்டேன். அவர் நிமிரவே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க சொல்லலைன்னா போங்க. மிஷினே சொல்லிடும்," என்றேன்.

"அப்ப அதையே கேளு," என்றார் அப்பா.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மேற்கு வரப்போரம் டப்பாவின் மேல் ஓட்டிச் சரிபார்த்தேன். முந்தின நாள்தான் தோண்டிய மண் என்பதால் வளைவு பிசகாமல் விழுந்தது. பிறகு கிழக்கிலிருந்து ஓட்டத் தொடங்கினேன். இரண்டு மூன்று நடை போய் வந்திருப்பேன். அப்பா வந்து, தரையில் இழுபட்ட பேட்டரி வயரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்றார்.

"எனக்கே தெரியாதுடா," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"பொதச்ச எடம் எனக்கே தெரியாது. வரப்புல நின்ன வேம்புக்கும் கெணத்து மேட்டுக்கும் நேரா, நடுவுலன்னு மனசுல வச்சிருந்தேன். புதுசா தோண்டுனது எவன் கண்ணுலயும் பட்டுடக் கூடாதுன்னு விடியறதுக்குள்ள ஏரப் பூட்டி கொல்ல முழுக்க உழுதுட்டேன். அப்பறம் உங்க சித்தப்பனுக்குப் பங்கு பிரிச்சப்ப வரப்பு மாறிப்போச்சு. வேம்பு ஒரு காத்துல சாஞ்சுது. கெணறு மண்ணு விழுந்து தூந்துபோச்சு. ஒரு வருசம் வந்து நின்னு பாக்கறேன், இங்கயா அங்கயான்னு புடிபடல."

அப்பா அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் பார்க்காத மாதிரி இருந்திருப்பேன். பேட்டரி வயரைக் கையில் சுற்றுவதும் பிரிப்பதுமாக, பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி என் முன்னால் நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எங்கே போய் மூஞ்சியை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அவர் மண்ணுக்குள் ஒளித்துவைத்தது குழந்தையை அல்ல, இந்தத் தெரியாது என்ற ஒரு சொல்லைத்தான். அதை ஒரு தள்ளுவண்டியைக் காட்டி மிரட்டி வெளியே எடுத்திருக்கிறேன்.

"உங்கம்மாட்ட சொல்லிடாத. தெரியும் தெரியும்னு சொல்லிட்டேன்," என்றார்.

அதன் பிறகு இரண்டு பேரும் மதியம் வரைக்கும் கொல்லையை உழுவதுபோல ஓட்டினோம். நான் தள்ளினேன், அவர் வயரைப் பிடித்தார். காய்ந்திருந்தாலும் கரிசல் கரிசல்தான். அலையை உறிஞ்சிக் குடித்துவிடும். ஆற்றுமணலில் அவ்வளவு துல்லியமாகப் பேசிய மிஷின் இங்கே திக்கியது. உருப்படியாகத் தெரிந்தது சுக்கான் படலம் ஒன்றுதான். திரையில் அது நீளமான வெள்ளைக் கோடாக ஓடும். எங்கேயாவது யாராவது ஆழமாகத் தோண்டியிருந்தால் அந்தக் கோடு அறுபடும். அறுபட்ட இடத்திலெல்லாம் ஒரு சிவப்புக் கொடி நட்டேன். மதியத்துக்குள் பத்துப் பன்னிரண்டு கொடி ஆகிவிட்டது. மரம் பிடுங்கிய குழியாக இருக்கலாம், எலி வளையாக இருக்கலாம், பழைய வாய்க்காலாக இருக்கலாம். கண்ணிவெடி வேலையின் பெரிய தலைவலியே இதுதான். உள்ளே ஏதோ இருக்கிறது என்று மிஷின் சொல்லும், என்ன என்று சொல்லாது. அதைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

வெயில் உச்சிக்கு வந்தபோது அம்மா வந்தாள். கையில் சொம்பு நிறையப் பால். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொல்லை முழுக்க நட்டிருந்த கொடிகளைப் பார்த்தாள்.

"இதுல எதுன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. தோண்டிப் பாத்தாத்தான் தெரியும்," என்றேன்.

"ஐயோ, தோண்ட வேணாம்பா," என்று பதறினாள். பிறகு தயங்கி, "படம் தெரியும்னியே, அதையாவது காட்டு," என்றாள்.

வரப்பில் உட்கார்ந்து, முந்தானையால் லேப்டாப்புக்கு நிழல் பிடித்துக்கொண்டாள். ஓட்டிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். கலங்கலாக, புகை பிடித்த சுவர் மாதிரிதான் எல்லாம் இருந்தன. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அலுத்துப்போய் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். கடைசியாக ஒரு படம் வந்தது. காலையில் சரிபார்க்க ஓட்டிய படம். அதை நான் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. அத்தனை கலங்கலுக்கு நடுவே அதில் மட்டும் ஒரு வளைவு, கோடு போட்ட மாதிரி, தெளிவாக இருந்தது.

அம்மா திரையில் விரலை வைத்தாள்.

"இந்தா, முதுகு தெரியுது பாரு. குப்புறப் படுத்திருக்கா," என்றாள்.

சோப்பு டப்பா. நான் மெழுகு ஊற்றி, முந்தின நாள் நானே புதைத்து, காலால் மிதித்து அமுக்கிய சோப்பு டப்பா. வாயைத் திறந்தேன். அது இல்லம்மா என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அவள் கண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"எந்தக் கொடிடா இது?"

என் கண் மேற்கு வரப்போரம் போயிருக்க வேண்டும். அவள் எழுந்து நேராக அந்தக் கொடியைப் பார்த்து நடந்தாள். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "இங்க மட்டும் மண்ணு பொதுபொதுன்னு இருக்குங்க," என்றாள். பிறகு நிமிர்ந்து அப்பாவைக் கேட்டாள்.

"நீங்க சொல்லலைன்னாலும் எம் மவன் சொல்லிட்டான். இதானேங்க எடம்?"

முதல் நாள் நான் அங்கே குழி தோண்டியதை அப்பா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். டப்பாவைக் கையில் வாங்கி, கனமாக இருக்கிறதே என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தவரும் அவர்தான். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததா, இல்லை நீயே சொல்லிவிடேன் என்று கேட்டாரா, எனக்குத் தெரியவில்லை. நான் கீழே குனிந்து பேட்டரியைக் கழற்றுவது மாதிரி நடித்தேன்.

"ஆமா. இங்கதான்," என்றார் அப்பா.

அம்மா மண்டியிட்டுப் பாலை ஊற்றினாள். காய்ந்த மண் சுர்ரென்று குடித்தது. சொம்பு காலியான பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஏதோ பேசினாள், எங்களிடம் அல்ல. கொடியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பிடி மண்ணை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தாள். கொடி நட்ட இடங்களிலேயே உறுதியாகக் குழந்தை இல்லாத இடம் என்று எனக்குத் தெரிந்தது அந்த ஒரு இடம்தான்.

திரும்பிப் போகும்போது அம்மா வரப்பில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டாள். பிறகு ஒன்றும் யோசிக்காமல், குறுக்கு வழியாக, கொல்லைக்குள்ளேயே இறங்கி நடந்தாள். செருப்போடு. நானும் அப்பாவும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

காலேஜில் சாமான்களை இறக்கி வைத்தபோது பேராசிரியர் டப்பாக்களைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு கொறையுதே? தோண்டி எடுக்கலையா?" என்று கேட்டார்.

"கெடைக்கலைங்க சார்."

"என்னய்யா, நீ பொதச்ச எடம் உனக்கே ஞாபகம் இல்லையா?"

"இல்லைங்க சார்," என்றேன். நல்ல லட்சணம் என்று சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

கோடை முடிவதற்குள் கொல்லை கைமாறியது. மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் போனபோது பாதிக் கொல்லை பள்ளமாகிவிட்டிருந்தது. மஞ்சள் துணி முடிச்சு வீட்டுச் சாமி மாடத்தில் இருந்தது. அமாவாசைதோறும் அம்மா அதற்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் பால் வைத்தாள். முகம் தெளிந்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். யார் வீட்டுக்கு வந்தாலும் காபி கொடுத்த கையோடு மாடத்தைக் காட்டிக் கதையைத் தொடங்கிவிடுவாள்.

"இவங்கப்பாரு கடேசி வரைக்கும் வாயத் தெறக்கலையே. எம் மவன்தான் மிஷின் வச்சு எம் புள்ளையக் கண்டுபுடிச்சுக் குடுத்தான்."

வந்தவர்கள் என்னைப் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் போன் பேசுவது மாதிரி எழுந்து வெளியே போவேன். அங்கே வேலியோரம் அப்பா ஏற்கெனவே போய் நின்றிருப்பார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்.